மேப்பா, வெப்சைட்டா, இந்தியாமார்ட்டா, விளம்பரமா? சிறு தொழிலுக்கு எது கட்டுபடியாகும்

போன மாதம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு கூப்பிட்டார்கள். ஒருவர் கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். இன்னொருவர் சென்னிமலையில் பெட்ஷீட், துண்டு, போர்வை விற்கும் அக்கா. மூன்றாவது, பொள்ளாச்சிப் பக்கம் காயர் பித் (தேங்காய் நார்த் தூள்) கட்டி போடும் தம்பி. வெளிநாட்டு நர்சரிகளுக்கு நேரடியாக அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை.

"ஏனுங்க, கையில அம்பதாயிரம் இருக்குதுங்க. வெப்சைட் போடறதுங்களா, கூகுளுக்கு விளம்பரம் குடுக்கறதுங்களா, இல்ல இந்தியாமார்ட்ல பேக்கேஜ் எடுத்துக்கறதுங்களா?" பட்டறைக்காரர் கேட்டது இப்படி. மற்ற இருவரும் தொகையை மட்டும் மாற்றிக் கேட்டார்கள். (இந்தியாமார்ட் என்பது விற்கிறவரையும் வாங்குகிறவரையும் சேர்த்துவைக்கும் இணையச் சந்தை.)

மூவருக்கும் மூன்று வேறு பதில் சொன்னேன். போனில் காரணம் முழுதாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருப்பூர், பெருந்துறை, ஈரோடு வட்டாரத்தில் சிறு கம்பெனிகளுக்கு இணைய வேலை பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வெப்சைட் செய்தால் எனக்குக் காசு. அப்படியிருந்தும் மூவரில் ஒருவரிடம் வெப்சைட் இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், வாங்குகிறவர் எங்கே நின்றுகொண்டு தேடுகிறார் என்று பார்க்க வேண்டும். மோட்டார் புகைந்துபோன விவசாயி கிணற்றுமேட்டில் நின்றுகொண்டே தேடுவார். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் ஆள் வேண்டும், இன்றைக்கே வேண்டும். காயர் பித் வாங்குகிறவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். ஆற அமர யோசித்து, மாதிரி வாங்கிச் சோதித்து, அப்புறம்தான் கன்டெய்னர் பற்றிப் பேசுவார். இருவரையும் ஒரே வழியில் பிடிக்க முடியாது.

அடுத்தது பணம். தொடங்க ஆவதை எல்லோரும் கேட்கிறார்கள், ஆண்டுதோறும் ஆவதை யாரும் கேட்பதில்லை. பலன் தெரிய எத்தனை நாள் ஆகும் என்பதும், முதலாளியே உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை எவ்வளவு என்பதும் அதோடு சேர்ந்தவை.

கடைசியாக ஒன்று இருக்கிறது. நான் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்: நிறுத்திவிட்டால் நம் கையில் என்ன மிஞ்சும்? தறி ஓட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். சொந்தமாகப் பாவு (தறியில் ஏற்றும் நீள நூல்) போட்டு நெய்தால் துணி நம்முடையது, விலை விழுந்தால் நட்டமும் நம்முடையது. கூலிக்கு நெய்தால் பாவும் நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார், கூலி கைக்கு வந்துவிடும். ஆனால் அவர் பாவு கொடுப்பதை நிறுத்திய அன்றைக்குத் தறியும் நின்றுவிடும். சோமனூர், பல்லடம் பக்கம் இதைப் பார்க்காத வீடு குறைவு. இணையத்திலும் சொந்தப் பாவு, கூலிப் பாவு என்று இரண்டு உண்டு.

## கூகுள் மேப் பதிவு

முன்பு கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது, 2021 நவம்பரிலிருந்து அதற்குப் பெயர் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். நம் ஊரில் "மேப்ல போடறது" என்றால் இதுதான். பதிவு முழுக்க இலவசம். "மேப்பில் ஏற்றித் தர ஐயாயிரம்" என்று யாராவது கேட்டால், அவர் தன் நேரத்துக்குக் கேட்கிறார், கூகுளுக்குக் கட்ட அல்ல.

உள்ளூர்த் தேடலில் யாரை மேலே காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று விஷயங்களைச் சொல்கிறது: தேடியதற்குப் பொருத்தமா, தேடுகிறவருக்கு எவ்வளவு பக்கம், அந்தக் கடை எவ்வளவு பேர் அறிந்தது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. கணபதிக் கடையை சூலூரில் தேடுகிறவருக்கு முதலில் காட்டு என்று எவ்வளவு மல்லுக்கட்டினாலும் நடக்காது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

பொருத்தம் என்பது பெரும்பாலும் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான். முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். ரீவைண்டிங் பட்டறை எலக்ட்ரிக்கல் கடை என்ற வகையில் பதிவாகியிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பல்பு கேட்டுத்தான் போன் வரும்.

பெயர் விஷயத்தில் ஒரு ஆசை எல்லோருக்கும் வரும். போர்டில் இருக்கும் பெயரோடு "கோவை நம்பர் ஒன் மோட்டார் ரீவைண்டிங்" என்று ஒட்டிக்கொள்வது. கொஞ்ச நாள் வேலை செய்யும், அதனால்தான் பக்கத்துக் கடைக்காரர் செய்திருக்கிறார். ஆனால் போர்டில் உள்ள பெயர்தான் மேப்பிலும் இருக்க வேண்டும் என்பது விதி. யாராவது புகார் கொடுத்துப் பதிவு முடங்கினால், அதை மீட்பதற்குள் ஒரு சீசன் போய்விடும்.

இப்போது பல கடைகளுக்கு வீடியோ எடுத்துத்தான் சரிபார்க்கிறார்கள். தெரு, போர்டு, கடைக்குள் இருக்கும் மிஷின், கல்லாவைத் திறப்பது எல்லாம் வெட்டாமல் ஒரே வீடியோவில் வர வேண்டும். போர்டு இல்லாத பட்டறைக்கு இது தலைவலி. போர்டை முதலில் மாட்டுங்கள். வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, வேலைக்குப் போய்வரும் ஊர்களை மட்டும் கொடுக்கலாம், இருபது வரை.

மறைந்திருக்கும் செலவு பணமாக இல்லை, கவனமாக இருக்கிறது. மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம். கடை மூடிவிட்டது என்று யாரோ தட்டிவிட்டது தெரியாமல், ஏன் போனே வரவில்லை என்று இரண்டு வாரம் உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தே ஆக வேண்டும். ரிவ்யூவுக்குப் பதில் எழுத வேண்டும், திட்டி எழுதியதற்கும் சேர்த்து. ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்று போர்டு வைப்பது கூகுள் விதிப்படி தவறு. காசுக்கு வாங்கும் ஐம்பது ஐந்து நட்சத்திரங்களும் அப்படித்தான், ஒரு நாள் மொத்தமாக உதிரும். வேலை முடிந்து வாடிக்கையாளர் சந்தோஷமாக இருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பிக் கேளுங்கள், போதும்.

இது சொந்தப் பாவா? பாதி. மேப்பில் பதிவு செய்தவர்களுக்குக் கூகுளே ஒரு சின்ன இலவச வெப்சைட் கொடுத்துவந்தது. அதை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அதுவே போதும் என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்தவர்கள் முழித்தார்கள்.

## சொந்த இணையதளம்

இது முழுக்கச் சொந்தப் பாவு. ஆகவே மெதுவாகத்தான் துணியாகும். தேடலில் மேலே வர நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்று கூகுள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். முப்பது நாளில் முதல் பக்கம் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்றும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கடந்த சில வருடங்களில் இங்கேதான் நிறைய மாறியிருக்கிறது. கூகுள் இப்போது தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படிக்கிறது. 2016-இல் அறிவித்த இந்த மாற்றம் 2023-இல் முடிந்தது. கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிகிறதே என்று திருப்திப்பட்டுக்கொள்வதில் பயனில்லை. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். நம்மவர்கள் போட்டோகிராபர் கொடுத்த எட்டு எம்பி படத்தை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். அந்தியூர் தாண்டி மலையடிவாரத்தில் சிக்னல் ஒரு கட்டையில் இருக்கிறவர், அது திறப்பதற்குள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இன்னொரு மாற்றம் பலருக்கு வலித்தது. ஒரே பக்கத்தை எடுத்து "கோவையில்", "திருப்பூரில்", "ஈரோட்டில்", "கரூரில்" என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பக்கம் போடும் வழக்கம் இங்கே உண்டு. அது முன்பிருந்தே விதிமீறல்தான். 2024 மார்ச்சில் கூகுள் விதிகளை இறுக்கி, ஆள் எழுதினாலும் மிஷின் எழுதினாலும், தேடலை ஏமாற்ற மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களை ஸ்பாம் என்றே வைத்துவிட்டது. மாதம் முப்பது கட்டுரை தருகிறோம் என்ற பேக்கேஜ் இன்றைக்கும் விற்கிறது. வாங்காதீர்கள்.

அப்புறம் ஏஐ. 2024 ஆகஸ்டில் கூகுளின் ஏஐ ஓவர்வியூ இந்தியாவுக்கு வந்தது. ஜமக்காளத்தை எப்படித் துவைப்பது என்று தேடினால் பதில் மேலேயே வந்துவிடுகிறது, நம் தளத்துக்குள் வர அவருக்கு வேலையில்லை. ஆகவே பொதுவான தகவல் கட்டுரைகளை அடுக்கிக் கூட்டம் சேர்க்கும் வழி மங்கிக்கொண்டிருக்கிறது. எது மிஞ்சும்? நம்மிடம் மட்டுமே இருக்கும் தகவல். ஐந்து ஹெச்பி மோட்டாருக்குக் காயில் கட்ட எத்தனை நாள், செம்பு விலையைப் பொறுத்துக் கூலி எப்படி மாறும், எரிந்த காயிலைப் பார்த்தே வோல்டேஜ் பிரச்சினையா பேரிங் பிரச்சினையா என்று எப்படிச் சொல்வது. இதைப் பட்டறைக்காரர் எழுதலாம், வேறு யாரும் எழுத முடியாது. காயர் பித் என்றால் ஐந்து கிலோ கட்டியின் அளவு, ஈசி (உப்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எண்) எவ்வளவு, எத்தனை தடவை கழுவியது, ஒரு கன்டெய்னரில் எத்தனை பேலட் என்று வாங்குகிறவர் கேட்கும் எண்கள் எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். "ஸ்டேட்டர் ரீவைண்டிங்" என்று தேடுகிறவர் எஞ்சினியர், "மோட்டார் காயில் கட்டறது" என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர் விவசாயி. ஜமக்காளம், ஜமுக்காளம் என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் என்னென்ன சொல்லைத் தட்டி நம் தளத்தைக் கண்டார்கள் என்று தெரியும். மாதம் ஒருமுறை அதைப் பார்ப்பதே பாதி எஸ்இஓ, அதாவது தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை.

மறைந்திருக்கும் செலவு இங்கே அதிகம். முதல் வருடம் சல்லிசாகக் கிடைக்கும் டொமைனும் (தளத்தின் பெயர்) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் இடம்) புதுப்பிக்கும்போது ஏறிவிடும். தளத்துக்குப் பூட்டு மாதிரியான எஸ்எஸ்எல் இலவசமாகவே கிடைக்கிறது, அதற்கும் தனியாக பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் விட, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால், எங்கள் மாமா கடைக்கு ஒருவர் வெப்சைட் போட்டுக் கொடுத்தார். டொமைனை அவர் தன் பெயரில் பதிந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்து அவர் வெளிநாடு போய்விட்டார், போனை எடுக்கவில்லை, புதுப்பிக்கும் தேதி கடந்தது, பெயர் போயிற்று. அந்தப் பெயர் அச்சடித்த கட்டைப்பை மட்டும் ரொம்ப நாள் வீட்டில் கிடந்தது.

## இந்தியாமார்ட், ஜஸ்ட்டயல்

இரண்டும் 1996-இல் தொடங்கியவை, கூகுளுக்கே மூத்தவை. ஜஸ்ட்டயல் உள்ளூர்ச் சேவைகளுக்கு, இந்தியாமார்ட் மொத்த வியாபாரத்துக்கு. பம்ப் உதிரிபாகம், கிரைண்டர் கல், பனியன் துணி என்று இந்தியில் பேசிக்கொண்டு வடக்கிலிருந்து வரும் என்கொயரியில் நல்ல பங்கு இந்தியாமார்ட் வழிதான். அதை மறுக்க முடியாது. நம் பொருளின் பெயரைக் கூகுளில் தட்டினாலே அவர்கள் பக்கம்தான் முதலில் நிற்கும். அவ்வளவு வருடம் கட்டிய செல்வாக்கை நம் புதுத் தளம் ஆறு மாதத்தில் தாண்டாது.

இது சுத்தமான கூலிப் பாவு. வாங்குகிறவர் ஒரே என்கொயரியைப் போட, அது நம்மைப் போன்ற பலருக்கும் போகிறது. அப்புறம் பேச்சு தரத்தில் தொடங்காது, "கடைசி விலை என்ன?" என்பதில்தான் தொடங்கும். விலை குறைத்து அடிக்க முடிகிறவருக்கு இது ஏற்ற இடம். கைத்தறி மாதிரி விலை ஏறத்தான் செய்யும் என்கிற பொருளுக்கு ரொம்ப நோகும்.

பேக்கேஜ் பணம் ஒன்று, போனை எடுக்கும் ஆள் சம்பளம் இன்னொன்று. என்கொயரி வந்து பத்து நிமிடத்தில் பேசாவிட்டால் வேறொருவர் பேசியிருப்பார். முதலாளி லேத்தில் நின்றுகொண்டிருந்தால் அது நடக்காது. பேக்கேஜ் எடுக்கும் முன் இலவசப் பதிவைப் போட்டு ஒன்றிரண்டு மாதம் பாருங்கள். வரும் என்கொயரியை ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த ஊர், என்ன கேட்டார், வாங்கினாரா. அந்த நோட்டுக் கணக்கு சொல்வதை விற்பனைப் பிரதிநிதி சொல்ல மாட்டார்.

## கூகுள் விளம்பரம்

ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. இன்றைக்குப் போட்டால் நாளைக்கே போன் வரலாம், பணத்தை நிறுத்திய நிமிடம் போனும் நிற்கும். தீபாவளிக்கு முன்னால், முகூர்த்த மாதங்களில், கோடையில் மோட்டார்கள் எரியும் நேரத்தில் மட்டும் போட்டு எடுக்க இது வசதி.

பணம் கசியும் ஓட்டைகள் இரண்டைச் சொல்கிறேன். "மோட்டார்" என்று பரவலாகப் போட்டால் மோட்டார் இன்சூரன்ஸ் தேடுகிறவரும் கிளிக் செய்வார், வேலை தேடுகிறவரும் செய்வார். எந்தச் சொற்களுக்குக் காட்டக் கூடாது என்ற பட்டியலைக் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டாவது, ஊர் அமைப்பு. கோவை என்று தேர்ந்தெடுத்தாலும், கோவையில் ஆர்வம் உள்ளவர்கள் என்று வெளியூர்க்காரருக்கும் காட்டும் வகையில்தான் முதலில் இருக்கும். ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று நாம்தான் மாற்ற வேண்டும்.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு கிளிக் 15 ரூபாய் என்று வைப்போம். 400 கிளிக்குக்கு 6,000, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,080, ஆக 7,080. அதில் இருபது பேர் கூப்பிட்டு நாலு பேர் வேலை கொடுத்தால், ஒரு வாடிக்கையாளருக்கு 1,770 ரூபாய். ஒரு வேலையில் மிச்சமாவது அதைவிடக் குறைவென்றால், அவர் திரும்பத் திரும்ப வருகிறவராக இருந்தால் ஒழிய, இந்தக் கணக்கு நிற்காது.

ஆனால் எனக்குப் பிடித்த உபயோகம் வேறொன்று. பெரிய வெப்சைட் போடும் முன், ஒரே ஒரு பக்கம் மட்டும் போட்டு, இரண்டு வாரம் சின்னத் தொகைக்கு விளம்பரம் ஓட்டுங்கள். மக்கள் உண்மையில் என்ன சொல்லைத் தட்டினார்கள் என்ற பட்டியல் விளம்பரக் கணக்கிலேயே கிடைக்கும். அந்தச் சொற்களை வைத்துத் தளத்தை எழுதினால் ஆறு மாத ஊகம் மிச்சம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மேப் | வெப்சைட் | இந்தியாமார்ட், ஜஸ்ட்டயல் | விளம்பரம் |
|---|---|---|---|---|
| யாருக்கு | பக்கத்தில் இருந்து வருகிறவர் | தூரத்திலிருந்து யோசித்து வாங்குகிறவர் | விலை கேட்டு மொத்தமாக வாங்குகிறவர் | அவசரமாக இப்போதே தேடுகிறவர் |
| தொடங்கும் செலவு | இல்லை | நடுத்தரம் முதல் அதிகம் | இலவசப் பதிவு உண்டு, பேக்கேஜ் தனி | எவ்வளவு சின்னதாகவும் |
| தொடர் செலவு | இல்லை | வருடப் புதுப்பிப்பு, பராமரிப்பு | பேக்கேஜ், போன் எடுக்கும் ஆள் | ஒவ்வொரு கிளிக்கும் |
| பலன் தெரிய | சில வாரம் | 4 மாதம் முதல் ஒரு வருடம் | சில நாள் | அன்றைக்கே |
| முதலாளியின் நேரம் | வாரம் ஒரு மணி | தொடக்கத்தில் நிறைய | தினமும் | வாரம் இரண்டு மூன்று தடவை |
| நிறுத்தினால் மிஞ்சுவது | பதிவும் ரிவ்யூவும் | எல்லாம், டொமைன் நம் பெயரில் இருந்தால் | வாடிக்கையாளர் நம்பர்கள் | தேடல் சொற்களின் பட்டியல் |

## ஏஜென்சியிடம் விடுவதா

மேப்பை நீங்களே பாருங்கள், வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் அதுவே போதும். வெப்சைட்டையும் விளம்பரத்தையும் வெளியே கொடுக்கலாம், ஆனால் டொமைன், ஹோஸ்டிங், மேப் பதிவு, விளம்பரக் கணக்கு நான்கும் உங்கள் மெயில் ஐடியில் இருக்க வேண்டும். அவர்களுக்கு மேனேஜர் அனுமதி மட்டும் போதும். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் விலை பேசவே வேண்டாம். மாத அறிக்கை கேட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வண்ணப் படம் போட்டுக் காட்டுவார்கள். எத்தனை போன் வந்தது என்று கேளுங்கள்.

## மூவருக்கும் சொன்னது

பட்டறைக்காரரிடம் வெப்சைட் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். போர்டு மாட்டி, வகையை மாற்றி, மேப்பைச் சரி செய்து, மார்ச் முதல் மே வரை மட்டும் கொஞ்சம் விளம்பரம். அவர் ஐம்பதாயிரத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். அதில் ஒரு நல்ல காயில் சுற்றும் மிஷின் வாங்கலாம் என்றதற்குச் சிரித்தார்.

பொள்ளாச்சித் தம்பிக்கு வெப்சைட்தான். வெளிநாட்டில் இருக்கிறவர் சாம்பிள் கேட்கும் முன் கம்பெனியைத் தேடிப் பார்ப்பார், அங்கே ஒன்றும் இல்லையென்றால் பதில் மெயிலே வராது. தளம் மேலே வரும் வரை இந்தியாமார்ட்டில் இலவசப் பதிவு ஓடட்டும். உள்நாட்டு ஆர்டரில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

சென்னிமலை அக்காவுக்குத்தான் பதில் சொல்லச் சிரமப்பட்டேன். முருகன் கோயிலுக்கு வருகிறவர்கள் கடைக்கு வருவார்கள், அதற்கு மேப் வேண்டும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போர்வை கேட்கிறார்கள், அதற்குத் தளம் வேண்டும். இந்தியாமார்ட் மாதிரி மொத்த வியாபாரப் பட்டியலில் சேர்ந்தால் விசைத்தறிப் போர்வை விலையோடு கைத்தறியைச் சரிக்குச் சரி வைத்துப் பேசுவார்கள், அது வேண்டாம். மேப்பை உடனே, தளத்தைச் சின்னதாகப் பத்துப் போர்வையோடு தொடங்கலாம் என்றேன். "பத்தெதுக்குங்க தம்பி, எல்லாரும் கேக்கறதே நாலு டிசைன்தான்" என்றார். நாலோடுதான் தொடங்கியிருக்கிறோம். டொமைன் அக்கா பெயரில் இருக்கிறது.